நீள வில்லா, குட்டை வில்லா

பிளம் ரிட்ஜ், விஸ்கான்சின்
செப்டம்பர் 22

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் ஆர்டனுக்கு,

வெர்லின் டோஸ்டால் எழுதுவது. நீயும் தங்கை லவோனும் அரிசோனா வெயிலில் வாடாமல் வதங்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கை மார்லிஸும் முழு உடம்போடு இருக்கிறோம். என் வலது தோள்பட்டை மட்டும் பாதி என்னுடையது, பாதி டாக்டர் முடுக்கி வைத்த திருகாணிகளுடையது. மழை வரப்போகிறது என்றால் வானொலிக்கு முன்னால் அது சொல்லிவிடுகிறது. மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. சோளம் இன்னும் அறுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "கடைசியில எந்த வில்லு மாப்ளே வாங்கினே?" என்று கேட்டாய். "குட்டை" என்றேன். "முட்டையா?" என்றாய். "குட்டை வில்!" என்று கத்தினேன். "முட்டை என்ன விலையா? எனக்கெப்படித் தெரியும்?" என்றாய். பின்னாலிருந்து லவோன், "டாக்டர் முட்டையைத் தொடக்கூடாதுன்னுட்டாருன்னு சொல்லுங்க" என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். காதுக்கருவியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு தொலைபேசியை எடுக்கிற ஆளிடம் இந்த விஷயத்தை விளக்க முடியாது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். உனக்குத்தான் அங்கே பனி தள்ளுகிற வேலையும் இல்லையே, பொறுமையாகப் படி.

முதலில் போன நவம்பரில் நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பனியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும். பனி இருந்தது உண்மை, வழுக்கியதும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நான் நம் மேட்டுக்காட்டு ஓக் மரத்தில், வேட்டைப் பரணிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு படிதானே என்று இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டேன். அந்த ஆறு படியையும் ஒரே மூச்சில் கடந்துவிட்டேன். கைப்பேசி பரணின் கொக்கியில் மாட்டிய பையில் மிகவும் பத்திரமாக இருந்தது. நான் கீழே மல்லாந்து கிடந்தபடி, அது இரண்டு முறை அடித்ததைக் கேட்டேன். பதினொரு மணிக்கு விழுந்தவன் ஒன்றரை மணி வரை அங்கேயே கிடந்தேன். சாப்பாட்டுக்கு வராத ஆளைத் தேடி உன் தங்கை டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் திட்டவில்லை மச்சான். ஆம்புலன்ஸ் மேட்டில் ஏறி வருகிற வரைக்கும் தன் மேல்கோட்டைக் கழற்றி என் மேல் போட்டுவிட்டு, என் இடது கையைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் திட்டாத முதல் விபத்து அதுதான். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு போகும்போது தள்ளுபடுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மரம் ஏற மாட்டேன்னு சொல்லு" என்றாள். "மாட்டேன்" என்றேன். மயக்க ஊசி அப்போதே பாதி ஏறியிருந்ததால் அந்தச் சத்தியம் செல்லாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தங்கை அப்படி நினைக்கவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அடுத்தது மே மாதம். நம் போதகர் க்வாம்மே நலம் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர். என் தோளுக்காக ஜெபம் செய்தார், மார்லிஸ் சுட்ட கொலாச்சி, அதுதான் நடுவில் பிளம் பழம் வைத்த இனிப்பு ரொட்டி, மூன்று சாப்பிட்டார், கிளம்பும்போது கார் கொட்டகைச் சுவரில் தொங்கிய என் வில்லைப் பார்த்துவிட்டார். இருபத்தாறு வருட வில். "சின்ன வயசுல கோடை முகாம்ல நானும் வில் விட்டிருக்கேன், வெர்லின். சும்மா ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டுமா?" என்றார். இழுத்துப் பார்க்கிறவர் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார் என்றுதான் நான் எண்ணினேன். கோடை முகாமில் கொடுப்பது வெறும் குச்சி வில். நம்முடையது உருளை வைத்த காம்பவுண்ட் வில். அம்பு இல்லாமல் நாணை விட்டால், அம்போடு போகவேண்டிய வேகம் அத்தனையும் வில்லுக்குள்ளேயே திரும்பி வரும் என்பது அவருக்கு வேதாகமக் கல்லூரியில் சொல்லித் தரப்படவில்லை. விட்டார். வெடி வைத்தது போல ஒரு சத்தம். வில்லின் மேல் கை நெடுக்காகப் பிளந்தது, உருளை கழன்று போய் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவில் விழுந்தது, நாண் அவருடைய மூக்குக் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டது. அப்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையை, முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய நான், எட்டாம் வகுப்புப் பையன்களிடம்தான் கேட்டிருக்கிறேன். ஒரு காயம் இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வரிசைப் பக்கம் பார்க்காமல்தான் பிரசங்கம் செய்கிறார்.

ஆகவே புது வில் வாங்க வேண்டிய நிலை வந்தது. இப்போது வில் கடை வைத்திருப்பவள் ரோண்டா செப்ரானெக். அவள் அப்பாவின் பழைய பால் கறக்கும் கொட்டிலைத்தான் கடையாக மாற்றியிருக்கிறாள். ஒன்பது வருடம் என் பேருந்தில் வந்தவள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் உயிருள்ள பாம்பைக் கொண்டுவந்ததற்காக மூன்றாம் வகுப்பு முழுவதும் என் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார வைத்தேன். இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், முப்பத்தைந்து வருடம் காத்திருந்து வந்த சிரிப்பு.

"மிஸ்டர் டோஸ்டால், ரெண்டு கையையும் விரிச்சு செவுத்தோட ஒட்டி நில்லுங்க. அசையக்கூடாது. பேசக்கூடாது."

அளந்தாள். கையின் விரிவை இரண்டரையால் வகுத்தால், நாணை எவ்வளவு தூரம் இழுக்கவேண்டும் என்பது வருமாம்.

"இருபத்தேழரை அங்குலம்" என்றாள்.

"என்னோடது இருபத்தொம்போது."

"உங்க கை இருபத்தேழரைங்குது."

"இருபத்தாறு வருஷமா இருபத்தொம்போதுலதான்மா அடிக்கிறேன்."

"அதான் இருபத்தாறு வருஷமா அம்பு எடது பக்கமாவே போயிருக்கு."

இந்த விஷயம் நம் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன் மச்சான். நீதான் சொல்லியிருப்பாய் என்று முதலில் உன் மேல் கோபம் வந்தது. பிறகுதான் அவள், தன் கை அளவுக்கு மீறி நாணை இழுப்பவர் எல்லோருக்கும் அப்படித்தான் என்றாள்.

அடுத்தது நாணை இழுக்கிற கனம். "எழுபது பவுண்டு வை" என்றேன், வழக்கம்போல. அவள் அறுபது வைத்துக் கொடுத்தாள். நான் வில்லை உத்தரத்தைப் பார்க்கத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி இழுத்தேன். நாண் என் மூக்கு வரைக்கும்கூட வரவில்லை. "கூரையில மான் ஏதாவது மேயுதா?" என்று கேட்டாள். ஐம்பது வைத்தாள். பாதி வந்தது. தோளில் இருக்கிற திருகாணிகள் எல்லாம் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டன. நாற்பத்தைந்து வைத்தாள். வந்தது. கடைசியில் உருளைகள் புரண்டு கனம் சட்டென்று இறங்குமே, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, கன்னத்தில் நாணை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏழு மாதம் கழித்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோண்டா அதைப் பார்த்தாள், பார்க்காதது போல ஏதோ ஒரு திருகை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். பாம்புப் பெட்டியை அப்போதே மன்னித்துவிட்டேன்.

"நாப்பத்தஞ்சு பவுண்டு மானுக்குப் போதுமாம்மா?"

"முப்பதே போதும்னு சட்டத்துல இருக்கு. மானுக்குப் போதும். உங்க மானத்துக்குப் போதுமான்னு நீங்கதான் சொல்லணும்."

போதும் என்றேன்.

என் கைக்கும் கனத்துக்கும் ஏற்ற வில் இரண்டு இருந்தன. ஒன்று குட்டை, உருளைக்கு உருளை முப்பது அங்குலம். மற்றது நீளம், முப்பத்தைந்து. குட்டை வில் புதுசு, வேகம் அதிகம், எடை குறைவு. ஆனால் இழுக்கும்போது நடுவில் ரயில் கடவையில் ஏறுகிற மாதிரி ஒரு மேடு, தாண்டினால் பள்ளத்தில் விழுகிற மாதிரி ஓர் இறக்கம். கை கொஞ்சம் திரும்பினாலும் அம்பும் திரும்பிவிடும். பள்ளி நிர்வாகம் கடைசியாக எனக்குக் கொடுத்த புதுப் பேருந்து இருந்ததே, பிரேக்கைத் தொட்டாலே குழந்தைகள் எல்லாம் முன்னால் வந்து விழும், அந்த ஜாதி. நீள வில்லோ நம் பழைய பதினான்காம் எண் வண்டி. மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் எங்கே திருப்பினாலும் கப்பல் மாதிரி திரும்பும், தப்பாக ஓட்டினாலும் மன்னித்துவிடும். எடை கொஞ்சம் அதிகம், அம்பின் வேகம் கொஞ்சம் குறைவு.

நீ தொலைபேசியில் "நீளம் மாப்ளே, நீளம்" என்று ஜூன் மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். காபிக் கடை மேசையில் வழக்கமாக உட்காரும் ஆறு பேரும் "குட்டை" என்றார்கள். அதில் நான்கு பேர் வாழ்நாளில் வில்லைத் தொடாத துப்பாக்கிக்காரர்கள். ஒருநாள் நீளம் என்று தூங்கப் போவேன், காலையில் குட்டை என்று எழுந்திருப்பேன். உன் தங்கை காலைக் கஞ்சியை வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன, நீளமா குட்டையா?" என்று, வானிலை கேட்பது போலக் கேட்பாள். ஆகஸ்ட் மாதம் ரோண்டாவே பொறுமை இழந்து, "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் அடிச்சுப் பாருங்க. எது உங்களோடதுன்னு அதுவே சொல்லும்" என்று இரண்டையும் என் வண்டியில் ஏற்றிவிட்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் ரப்பர் மானை நிறுத்தினேன். முதல் நாள் குட்டை வில். இருபது கஜத்தில் ஐந்து அம்பு விட்டதில் ஒன்று மானின் தொடையில், இரண்டு வைக்கோல் கட்டில், ஒன்று எங்கே என்று தெரியாது. ஐந்தாவது அம்பு மானுக்கு இடப்பக்கமாகப் போய், திறந்து கிடந்த கார் கொட்டகைக்குள் நுழைந்து, மார்லிஸின் வண்டியின் பின் சக்கரத்தில் நின்றது. மெல்லிசாகக் காற்று போகிற சத்தம் அரை நிமிடம் கேட்டது. உன் தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் வந்து சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டயர்ல மான் படம் ஏதாவது வரைஞ்சிருக்கா வெர்லின்?"

அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. இந்தத் தோளோடு இனிமேல் காட்டுக்குப் போவதே தப்பு, ஓர் உயிரை அரைகுறையாக அடித்து ஓடவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்று யோசித்தேன். இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன். மறுநாள் ஒப்புக்குத்தான் நீள வில்லை எடுத்தேன். இழுத்தேன். நின்றது. மச்சான், ஐந்து அம்பும் ஒரு காபித் தட்டுக்குள் போய் நின்றன. ஐந்தும். நம்பாமல் மறுபடி ஐந்து. அதுவும். நான் வில்லைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் மான் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயது, ஒன்றும் முடிந்து போய்விடவில்லை என்று தோன்றியது. அன்று உன்னைக் கூப்பிட்டு, நீளம்தான், நீ சொன்னதுதான் சரி என்று கத்தினேனே, அந்த நாள்தான் அது. நீ கேட்டதாகச் சொன்னாய். என்ன கேட்டாய் என்று தெரியாது.

ஆக, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நீள வில்லுக்கு இடம் வேண்டும், இடம் பரண் மேல்தான் இருக்கிறது. என் மனத்துக்குள் எப்போதும் பரண்தான் இருந்தது என்பதை உன்னிடம் மறைத்து என்ன லாபம்? ஒரு வியாழக்கிழமை மார்லிஸ் தேவாலயத்துக்குப் போர்வை தைக்கப் போன நேரம் பார்த்து, வாசல் மேப்பிள் மரத்தில் ஏணியைச் சாய்த்து, புதுப் பட்டை எல்லாம் ஒழுங்காக மாட்டிக்கொண்டு, ஏறிப் பழகினேன். ஏழாவது படியில் நிற்கும்போது பார்த்தால், பாதை முனையில் அவள் வண்டி நிற்கிறது. கத்தரிக்கோலை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

நான் இறங்கினேன். வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். திட்டு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். வரவில்லை.

"அன்னைக்குப் பதினொரு மணியிலேர்ந்து ஒன்னரை மணி வரைக்கும் நீ அந்த மரத்தடியில கெடந்தே" என்றாள். "நான் வீட்டுல ரேடியோவைப் போட்டுக்கிட்டு உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். பாட்டு வேற பாடினேன் வெர்லின். நீ பனியில கெடக்கறே, நான் இங்க பாடிட்டிருக்கேன்."

என் இடுப்புப் பட்டையின் கொக்கியை அவளே கழற்றினாள்.

"காட்டுக்குப் போகாதேன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? சொல்ல மாட்டேன். போ. ஆனா இந்த வருஷம் நானும் வர்றேன். ஆர்டன் அண்ணன் விட்டுட்டுப் போன கூடாரம் இருக்குல்ல, அதைத் தரையில போடு. ஓரமா ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு உக்காந்துக்கறேன். பேச மாட்டேன். இரும மாட்டேன்."

நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னோடு வேட்டைக்கு வந்ததில்லை. மரத்தின் மேல் உட்கார்ந்து சளி பிடித்துக்கொள்வதற்குப் பெயர் வேட்டையா என்று கேட்கிறவள். அவள் "வர்றேன்" என்றதும் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், தேவையில்லாமல் இரண்டு முறை இடம் மாற்றி வைத்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் சோளக்காட்டு ஓரத்தில் உன் பச்சைக் கூடாரத்தைப் போட்டோம். மச்சான், இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்: இந்தக் கூடாரத்தை யாருக்காக வாங்கினாய்? நீ குள்ளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீகூட இதில் தொப்பியோடு நின்றிருக்க முடியாது. கூரை நடுவில் கொஞ்சம் உயரம், ஓரத்துக்கு வர வர சரிவு. உள்ளே இரண்டு ஸ்டூல், இரண்டு ஆள், ஒரு காபிக் குடுவை, ஒரு கொலாச்சி டப்பா, மார்லிஸின் பின்னல் பை. வெளியே பதினெட்டு கஜத்தில் ரப்பர் மானை நிறுத்தி ஒத்திகை பார்த்தோம். நீள வில்லில் அம்பைப் பூட்டி, உட்கார்ந்தபடியே, ஜன்னல் வழியாகக் குறிபார்த்து இழுத்தேன். கீழ் உருளை காபிக் குடுவையைத் தட்டிவிட்டது. மேல் உருளை கூரைத் துணிக்குள் போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் விடமுடியவில்லை, பின்னாலும் கொண்டுவர முடியவில்லை. போதகருக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்துவிடக் கூடாதே என்று அசையாமல் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "மார்லிஸ், அந்தத் துணியைக் கொஞ்சம் எடுத்து விடு" என்றேன். அவள் எழுந்தாள். எழுந்தவள் தலை கூரைக் கம்பியில் முட்டியது. கம்பி தன் இடத்திலிருந்து கழன்றது. நாணை இழுக்க என் மணிக்கட்டில் கட்டியிருந்த கொக்கி நாணை விட்டது. அம்பு ஜன்னல் வழியாக ஒழுங்காக வெளியே போனது, அதுவரைக்கும் சந்தோஷம். சோளக்காட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது, அறுக்கும்போது கிடைக்கும். கூடாரம் மட்டும் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் எங்கள் மேல் வந்து படுத்துக்கொண்டது.

இருட்டு. ஒரே காபி வாசனை. எனக்கு ஒரு கால் ஸ்டூலுக்குள் மாட்டியிருந்தது. பக்கத்தில் மார்லிஸ் குலுங்குகிற மாதிரி இருந்தது. அடிபட்டு அழுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது.

"மார்லிஸ்! எங்கே பட்டது?"

"இல்ல வெர்லின்… மான்… மான் நம்ம மேலயே விழுந்துடுச்சா?"

சிரித்துக்கொண்டிருந்தாள் மச்சான். மூச்சுவிட முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய, பதினாறு வயதில் உங்கள் வீட்டு வாசலில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அவள் சிரிக்க நான் சிரிக்க, எழுந்திருக்க முயற்சி செய்வதையே விட்டுவிட்டோம். கடைசியில் துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டினால், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணையின் கிடேரிகள் பன்னிரண்டும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நவம்பருக்குப் பிறகு உன் தங்கை அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் நீள வில்லை எடுத்துக்கொண்டு ரோண்டா கடைக்குப் போனேன்.

"இதை வச்சுக்க. குட்டையைக் குடு."

"மிஸ்டர் டோஸ்டால், குட்டையில நீங்க மோசமா அடிக்கிறீங்க. டயர் கதை எனக்குத் தெரியும்."

"தெரியுதில்ல. குடு."

"அப்புறம் ஏன்?"

"கூடாரத்துல ரெண்டு பேர் உக்காரணும்."

குட்டை வில்லை எடுத்து, என் கைக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு திருகாகத் திருப்பி, பார்வை வளையத்தைப் பெரிதாக்கி, பிடி கையில் திரும்பாமல் இருக்க ஒரு தோல் சுற்றி, ஒரு மணி நேரம் வேலை செய்தாள். "பதினஞ்சு கஜம். அதுக்கு மேல ஒரு அம்பு விடக்கூடாது. என்கிட்ட சொல்லுங்க" என்றாள். "பதினஞ்சு கஜம்" என்று சொன்னேன். "சத்தமா" என்றாள். சத்தமாகச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் முப்பது அம்பு பழகி, பதினைந்து கஜத்தில் இப்போது தட்டுக்குள் போகிறது. காபித் தட்டு இல்லை, சாப்பாட்டுத் தட்டு. ஆனாலும் போகிறது.

போன சனிக்கிழமை வில் பருவம் தொடங்கியது. விடியும்போதே நானும் உன் தங்கையும் உன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தோம். அவள் சொன்னபடி பேசவில்லை, இருமவில்லை, பின்னல் ஊசிகூடச் சத்தம் போடவில்லை. பனிமூட்டம் சோளத்தின் மேல் படுத்திருந்தது. குட்டை வில்லை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைக்கூட மூடாமல் நாலு மணி நேரம் சோளக்காட்டு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மான்கூட வரவில்லை. ஒன்றுகூட. ஆனால் ஐம்பது வருட வேட்டையில் இவ்வளவு நல்ல காலை எனக்கு வாய்த்ததில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆகவே மச்சான், உன் கேள்விக்குப் பதில் இதுதான்: குட்டை. நீ சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபிக்காதே. உன் யோசனை வில்லைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. வேகம், நீளம், எடை எல்லாவற்றையும் நாலு மாதம் யோசித்த நான், பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை மட்டும் கடைசியில்தான் யோசித்தேன். இனி இந்த முடிவில் மாற்றம் கிடையாது. என் வில் ஆராய்ச்சி இத்தோடு நிறைவு பெற்றது.

லவோனின் மூச்சுத் திணறல் குறையவும், உன் காதுக்கருவி இழுப்பறையிலிருந்து காதுக்குக் குடியேறவும், உங்கள் ஊரில் நாலு துளி மழை பெய்யவும் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். மான் கிடைத்தால் சாசேஜ் போட்டு அனுப்புகிறேன். கிடைக்காவிட்டால் கடைச் சாசேஜ் வரும், சுவையில் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்காதே.

உன் அன்பு மறவாத மாப்பிள்ளை,
வெர்லின் டோஸ்டால்

பின்குறிப்பு: ஆர்டன் அண்ணா, இது மார்லிஸ் எழுதுவது. தபால்தலை ஒட்டச் சொல்லி இவர் உறையைத் திறந்தபடி என்னிடம் கொடுத்துவிட்டுப் பழகப் போயிருக்கிறார். படித்தேன். ரோண்டாவும் போன வாரம் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் ஜூன் மாதத்திலிருந்து தொலைபேசியில் நீளமா குட்டையா என்று கத்திக் கத்தி என் காதைப் புண்ணாக்கினீர்களே, காபிக் கடையில் ஆறு பேர் மூளையைக் கசக்கினார்களே, வில்லுக்குப் பதிலாகக் கூடாரத்தை மாற்றலாம் என்று ஒருவருக்காவது தோன்றியதா? உயரமான கூடாரம் ஒன்று வாங்கிவிட்டேன்; ரோண்டா கடையில் இருக்கிறது, நான் நின்று கையைத் தூக்கினாலும் கூரை இடிக்கவில்லை. நீள வில்லையும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இவரிடம் சொல்வேன். அதற்குள் நீங்கள் தொலைபேசியில் உளறிவிடாதீர்கள். நீங்கள் உளறினாலும் பரவாயில்லை, இவர் காதும் உங்கள் காது மாதிரிதான், முட்டை என்றுதான் கேட்கும்.

இன்னொன்று. சனிக்கிழமை மான் வந்தது. எட்டு மணி சுமாருக்கு, பெரிய பெண் மான், பத்து கஜம்கூட இருக்காது, ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. இவர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். தோள் வலி தொடங்கியதிலிருந்து இவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை அண்ணா. மானும் நானும் கொஞ்ச நேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அது போய்விட்டது. நான் ஒரு கொலாச்சி எடுத்துச் சாப்பிட்டேன்.